பின்சீட்டில் ஒரு அரிசி மூட்டை

போன வாரம் முட்டை வாங்கக் கிளம்பிய என்னை என் மகன் காரில் ஏற்றிக்கொண்டான். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டிலிருந்து கடை கூப்பிடு தூரம்தான். நடந்தால் காலுக்கு நல்லது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். இவன் எதற்கு வண்டியைப் பெரிய ரோட்டுப் பக்கம் திருப்புகிறான் என்று நான் யோசிப்பதற்குள், ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ செருகினான். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. இணையத்தில் மலிவாகக் கிடைத்ததாம். உடனே அவன் கைப்பேசியில் முள் ஆடுகிற படம் ஒன்று வந்தது. "பிடிச்சிக்கம்மா" என்றான். அப்புறம் அழுத்தினான் பாருங்கள், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பிரேக் போட்டபோது மடியில் இருந்த பை காலடியில் போய் விழுந்தது.

ஏர் ஃபில்டரை மாற்றியதில் போன மாதத்தைவிட அரை விநாடி குறைந்திருக்கிறதாம். அவனுக்கு முகமெல்லாம் பல். நானும் நல்லாருக்குப்பா என்று சொல்லிவைத்தேன். முட்டை வாங்காமலே வீடு திரும்பினோம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் பேசாமல் இருந்தால் சரி.

இறங்கும்போது வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. சூடான இரும்பு, எண்ணெய், லேசாகப் பெட்ரோல். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் நான் வேலை பார்த்த கார் சாமான் கடையின் வாசனை அது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, டீச்சராவேன், நர்ஸாவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், கடைசியில் ஃபேன் பெல்ட்டுகளுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். கூரையிலிருந்து அவை புடலங்காய் மாதிரி தொங்கும். தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். என்னோடு மலாயில் பேசுவார், மனைவியோடு கண்டனீஸில் சண்டை போடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் சில உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது. பில் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் மெக்கானிக்குகள் கேட்பதை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எந்த வண்டிக்கு எந்த பிளக் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ரசம் வைக்கத் தெரியாத வயதில் எனக்குக் கார்புரேட்டரைக் கழற்றத் தெரியும். அம்மா இதைப் பெருமையாக யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடை மூடியதும் பஸ் பிடித்துத் தஞ்சோங் ரம்புத்தானில் இறங்குவேன். அங்கிருந்து யாராவது ஏற்றிக்கொண்டால் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரலாம். தார் ரோட்டிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயம் வரைக்கும் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ரோடு, நாலைந்து மைல் இருக்கும். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் பள்ளம். பாதி வழியில் ஓர் ஓடை, அதன்மேல் பலகைப் பாலம். பாலைக் கொண்டுபோகிற லோரிக்கு அது போதும் என்று எஸ்டேட் நிர்வாகம் நினைத்தது. லோரியில் போவது ரப்பர் பால் மட்டும்தான் என்பது அவர்கள் நினைப்பு.

என் அக்கா சரசுவின் முதல் குழந்தை அந்த லோரியில்தான் பிறந்தது. பிறந்தது என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. காலையிலேயே வலி கண்டுவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, டிரெசர் என்று ஒருவர் உண்டு, மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். அவர் பார்த்துவிட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். இருந்த ஒரே லோரி டவுனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை அக்காவைப் பாயில் படுக்கவைத்துக்கொண்டு எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோரி வந்து, அவளை ஏற்றி, தார் ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ போகிற போக்கில், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சொன்னவர்களுக்கு அது அன்றைக்கே மறந்திருக்கும். அக்காவின் கணவர் வேலு மாமா அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் பேசியதெல்லாம் இரண்டு வார்த்தைதான்.

"நேரம் பத்தல."

சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு அதையேதான் சொல்வார்.

அக்கா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதமே மாமா ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கிவிட்டார். முன்னே அதை வைத்திருந்தவர் மீன் வியாபாரி. வண்டி முழுக்கக் கருவாட்டு நாற்றம். மசக்கைக்காரி அந்தப் பக்கம் போனாலே குமட்டிக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். எலுமிச்சம்பழம் நசுக்கி, சாம்பிராணி போட்டு, முன்கண்ணாடிக்கு விபூதிப் பட்டை இட்டும் மீன் போகவில்லை. லயத்துப் பூனைகள் எல்லாம் மாமாவுக்கு நண்பர்களாகிவிட்டன.

மாமாவுக்கு வண்டியைப் பற்றி ஒரே கேள்விதான். லயத்திலிருந்து ஈப்போவுக்கு எவ்வளவு சீக்கிரம் போகும்? நான் கடையிலிருந்து புது பிளக் வாங்கிவந்து மாட்டினேன். ஒரு சுற்று போய்விட்டு வந்து, "இப்ப நல்லா இழுக்குது" என்றார். எவ்வளவு நல்லா என்று கேட்டேன். ஐந்தாம் படிவத்துப் பௌதிகம் என் தலைக்குள் அப்போது சூடு ஆறாமல் இருந்தது. அளந்து பார்த்துவிடலாம் மாமா என்றேன்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைச் சோதனைகள் ஆரம்பமாயின. மகன் கருவியை ஒரு விரலால் செருகிவிட்டான். நாங்கள் என்ன பாடுபட்டோம் தெரியுமா? எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் வெளியே எடுக்கிற ஸ்டாப்வாட்ச் ஒன்று இருந்தது. வாத்தியாரிடம் கெஞ்சி வாங்கினோம். தூரம் அளக்க டேப் தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நூல் பிடித்து நட்ட மரங்கள் ரோட்டோரமாகவே வரிசையாக நின்றன. தொடக்கத்தில் ஒரு மரத்துக்கும் முடிவில் ஒரு மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். மாமா கிளம்பும்போது விளக்கை ஒரு முறை அடிப்பார், முடிவு மரத்தடியில் நிற்கிற நான் வாட்சை அமுக்குவேன். கல்யாணமாகாத பிள்ளை ரோட்டோரம் நின்று காருக்கு நேரம் பார்க்கிறாளே என்று எஸ்டேட்டில் வேலை வாங்குகிற தண்டலின் வீட்டம்மா அம்மாவிடம் விசாரித்தாராம். அதற்கு அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

என் ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த கோணமானியில் நூல் கட்டி, தூண்டில் ஈயம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். வண்டி இழுக்கும்போது ஈயம் பின்னால் சாயும். அதிகம் சாய்ந்தால் நல்ல இழுப்பு. டிரெசரிடம் காலி டிரிப் பாட்டில் ஒன்று வாங்கி, அதில் பெட்ரோல் ஊற்றிக் கதவோரம் தொங்கவிட்டு, குழாயைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தோம். பாட்டில் வற்றி வண்டி நிற்கிற இடம் எந்த மரம் என்று பார்ப்போம். பெட்ரோலை முகத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுருட்டும் பிடிப்பார் மாமா. அதில் செத்துப்போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வேடிக்கை பார்க்க லயமே வந்துவிடும். எங்கள் பக்கம் யாராவது கொஞ்சம் மாறி நடந்தால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கட்டில் காத்திருக்கிறது என்பார்கள். வேலுவுக்கு ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும் என்று சிரித்தார்கள். மாமாவும் சிரிப்பார். ஆனால் அக்காவின் வயிறு பெரிதாகப் பெரிதாக அவருடைய சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மாமா மெல்லக் கேட்டார், சரசுவையும் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்தால் என்ன என்று. அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போறத யாராச்சும் ஒத்திகை பாப்பாங்களா? நீங்களே போயி அத கூப்புட்டு வுடுறீங்களா?"

எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும்முன் தொட்டில் கட்டமாட்டோம், சட்டை தைக்கமாட்டோம். ஒன்றை இழந்த வீடு வேறு. வலி வராத பிள்ளைத்தாச்சியைக் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருவது என்றால் யார்தான் துணிவார்கள்? மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அதனால் அக்காவுக்குப் பதில் அரிசி மூட்டை வந்தது. அக்காவின் எடை டிரெசருக்குத் தெரியும். பால் நிறுக்கிற தராசில் அரிசியை வைத்து, எடை போதாததற்கு மேலே தேங்காய் வைத்துக் கட்டி, அதே எடைக்குக் கொண்டுவந்தோம். பின்சீட்டில் அதைப் படுக்கவைத்துத்தான் இனிச் சோதனை. பிள்ளைகள் மூட்டைக்குச் சரசக்கா என்றே பேர் வைத்துவிட்டார்கள். சரசக்கா ஏறியாச்சா, சரசக்கா எறங்கியாச்சா என்று ஒரே கூத்து. அக்கா வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாமாவும் நானும் வெறி பிடித்தவர்கள் மாதிரி வேலை செய்தோம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் கொஞ்சம் நேரம் குறைந்தது. டைமிங்கைத் திருத்தினால் இன்னும் கொஞ்சம். மேட்டிலிருந்து வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு எந்த மரம் வரை போகிறது என்று பார்த்தோம். டயரில் காற்றை ஏற்ற ஏற்ற வண்டி கூடுதல் மரங்களைத் தாண்டி உருண்டது. இன்னும் அடி, இன்னும் அடி என்று டயர் கல்லு மாதிரி ஆகும்வரை பம்பு அடித்தார் மாமா. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து அடி தட்டியது. அதற்கு எங்கிருந்தோ ஒரு லோரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக்கொண்டுவந்து பின் அச்சில் கூடுதலாகச் செருகினார். அதற்குப் பிறகு தாழவில்லை. திருப்பத்தில் மூட்டை சறுக்கியது, கயிறு போட்டு சீட்டோடு இறுக்கிக் கட்டினோம். அதுவும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நேரம் குறைந்தது. கதவுக்குப் பின்னால் மாமா சாக்பீஸில் எழுதிவைப்பார். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போவார்.

எங்கள் ஈயக்குண்டு வண்டி முன்னே பாய்வதையும் பிரேக்கில் நிற்பதையும்தான் காட்டும். மேலே கீழே எகிறுவதை அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அளக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. மூட்டை நன்றாகத்தான் இருந்தது. ஒரு தேங்காய்கூட உடையவில்லை.

அக்காவுக்கு வலி கண்டது ஒரு பகல் பொழுதில். நானும் லீவு போட்டு வந்திருந்தேன். காலையில் பெய்த மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிரெசர் வந்து பார்த்தார், பிள்ளை குறுக்கே கிடக்கிற மாதிரி தெரிகிறது, உடனே கிளம்புங்கள் என்றார். மாமா கொஞ்சமும் பதறவில்லை. கைலியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டார். கயிற்றை அவிழ்த்து மூட்டையை இறக்கி வாசலில் வைத்தார். "ஒன்னும் பயப்படாத லா, அரை மணில சேத்துடுறேன்" என்று அக்காவிடம் சொன்னார். அம்மா முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் சாவியிலேயே வண்டி எடுத்தது. எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

லயத்தைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் வண்டி எங்களைத் தூக்கி எறிந்தது. என் தலை கூரையில் இடித்தது. அக்கா போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மழை அரித்த செம்மண், வரிவரியாகக் கல்லும் வேரும். கல்லு மாதிரி டயர், லோரிப் பட்டை போட்ட ஸ்பிரிங். ஒவ்வொரு வரியும் நேராக அக்காவின் முதுகில் ஏறியது. சீட்டில் ரத்தம் பார்த்தேன். அம்மா சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"என்னாங்க, முடியல. மெதுவா போங்க."

மாமா வேகத்தைக் குறைத்தார். மெதுவாகப் போனாலும் குதித்தது. இன்னும் குறைத்தார். அப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். ஏன் நிற்கிறீர்கள் என்று நான் கத்தினேன். அவர் சேற்றில் மண்டி போட்டு, ஒவ்வொரு சக்கரமாகப் போய், ஒரு ஆணியால் வால்வை அமுக்கிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஞாயிறுகளாகப் பார்த்துப் பார்த்து ஏற்றிய காற்று. அது உஸ்ஸென்று போகிற சத்தமும், அதற்கு நடுவே அவர் அழுகிற சத்தமும் கேட்டன. பின்னாலேயே ஓடிவந்த லயத்து ஆண்கள் சிலர், பலகைப் பாலத்தில் வண்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினாற்போலக் கடத்தினார்கள். பாலத்தைத் தாண்டியும் கையை விடவில்லை. தேருக்குப் பக்கத்தில் நடக்கிற மாதிரி தார் ரோடு வரைக்கும் கூடவே நடந்துவந்தார்கள். முதல் பிள்ளைக்குப் போன லோரியே பரவாயில்லை. அதைவிடப் பிந்தித்தான் ஈப்போ போய்ச் சேர்ந்தோம்.

ஆண் பிள்ளை. வயிற்றிலேயே முடிந்துவிட்டிருந்தது. அக்காவைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இனிப் பிள்ளை தங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவள் வீடு திரும்பும்போது அந்த மூட்டை வாசலிலிருந்து அடுப்படிக்குப் போயிருந்தது. அம்மா அதைப் பிரித்து உலை வைக்க ஆரம்பித்துவிட்டார். அரிசியை என்ன செய்வது, தூரவா போட முடியும்? வெகு நாளைக்கு நாங்கள் அதைத்தான் தின்றோம். ஒரு மத்தியானம் அக்கா முறத்தில் அந்த அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா சுவரில் சாய்ந்தபடி, பழையபடி, நேரம் பத்தல என்றார். அக்கா நிமிரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"நேரம்லாம் இருந்துச்சு. என்னையத்தான் ஒரு தடவ ஏத்திப் பாத்திருக்கலாம்."

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். மாமா அதற்கப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரைக் குறை சொல்வது? அம்மாவின் பயம் பொய்யான பயமில்லை. மாமாவின் அன்பும் பொய்யான அன்பில்லை. நாலைந்து மைல் ரோட்டைச் செப்பனிட ஆள் அனுப்பாமல், மேனேஜர் பங்களாவுக்குப் போகிற வழிக்கு மட்டும் வருஷா வருஷம் தார் ஊற்றினார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அந்தக் கோபம் வயதானாலும் அடங்கமாட்டேன் என்கிறது.

காரை வாங்க தெலுக் இந்தானிலிருந்து ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய காடி இவ்வளவு இழுக்குதே அண்ணே, என்ன செஞ்சீங்க என்று மாமாவை ஆச்சரியமாகக் கேட்டார். மாமா சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதருக்குக் காப்பி கலந்து கொடுத்து நான்தான் அனுப்பிவைத்தேன்.

எண்பதுகளில் எஸ்டேட் கைமாறியது. முதலில் ரப்பரை வெட்டினார்கள். நாங்கள் சுண்ணாம்பு அடித்த மரங்களும் மற்ற மரங்களோடு போயின. செம்பனை வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை, வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. சனம் மூலைக்கொன்றாகச் சிதறியது. அக்காவும் மாமாவும் ஈப்போவுக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தார்கள். மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும் அவர் வேகம் கூடாது. ஓடையோரம் இருந்த எஸ்டேட் சுடுகாட்டில் பெரியவர்களுக்குக் கல் இருந்தது, அவற்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். பிறந்ததும் போன பிள்ளைகளுக்குக் கல் வைப்பதில்லை. அதனால் அந்த இரண்டையும் யாரும் தேடவில்லை.

நான் லைசென்ஸ் எடுத்து, சின்னதாக ஒரு கார் வாங்கிய புதிதில், அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அக்காவையும் மாமாவையும் கூட்டிப்போனேன். திரும்பும்போது எந்த வழியில் வருகிறோம் என்று முதலில் எனக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், வாசலில் துணி காய்கிறது, சைக்கிள் விடுகிற பிள்ளைகள். லயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பாலம் இருந்த இடத்தில் தரைக்குக் கீழே சிமெண்டுக் குழாய். ஓடை வளைகிற இடத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு, வீடு வாங்க வருகிறவர்களுக்காக அந்த ரோட்டுக்குத் தார் போட்டிருந்தார்கள்.

மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். பின்சீட்டில் அக்கா சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"குலுங்கவே இல்லடி" என்றாள்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகவே ஓட்டினேன். பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரோடு அப்படியேதான் இருந்தது.